புது உடம்பில் பழைய இன்ஜின்

1985ல் சென்னைக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் ஆலையிலிருந்து ஒரு கார் வந்தது. பேர் ஸ்டாண்டர்ட் 2000. சரிந்து இறங்கும் மூக்கு, நீண்ட உடல். அம்பாசடரும் பத்மினியும் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது வேற்றுக்கிரக வாகனம் மாதிரி இருந்திருக்கும். சொகுசுக் கார் என்றுதான் விற்றார்கள், விலையும் அப்படித்தான். மூன்றே வருஷம். 1988ல் உற்பத்தி நின்றுபோனது.

இந்தக் கார் எனக்குப் பிடித்த தோல்விகளில் ஒன்று. ஏனென்றால் காகிதத்தில் பார்த்தால் இது தோற்றிருக்கவே கூடாது.

உடம்பு, பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. 1976ல் வந்த கார், 1977ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கியது. அங்கே அதற்குள் இருந்தது மூன்றரை லிட்டர் வி8 இன்ஜின். இங்கே அதை எடுத்துவிட்டு வைத்தது 1,991 சிசி நான்கு சிலிண்டர் இன்ஜின், சுமார் 83 குதிரைத்திறன். அதன் பூர்வீகம் 1940களின் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட். அதே குடும்பத்து இன்ஜின்தான் அந்தக் காலத்தில் ஃபெர்குசன் டிராக்டரிலும் உழுதுகொண்டிருந்தது, கொஞ்சம் அலங்காரம் செய்துகொண்டு டிரையம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் காரிலும் ஓடியது. வயலிலும் ரேஸ் டிராக்கிலும் தேறிய இன்ஜின். இதைவிட நம்பகமான சான்றிதழ் எதற்கு இருக்கிறது?

உடம்பு விருது வாங்கியது. இன்ஜின் நாற்பது வருஷம் நின்று காட்டியது. இரண்டும் சேர்ந்த வண்டியோ, இழுக்கவில்லை, பெட்ரோல் குடிக்கிறது என்ற கெட்ட பேரைத்தான் சம்பாதித்தது.

மென்பொருள் வேலையில் இருக்கிறவர்களுக்கு இது தினசரி துக்கம். தனித்தனியாக எல்லா டெஸ்டும் பாஸான இரண்டு மாட்யூல்களைச் சேர்த்த அன்றைக்கு ராத்திரிதான் போன் வரும். மெதுவான வேகத்தில் நின்று நிதானமாக இழுக்கத் தெரிந்த இன்ஜினை, நெடுஞ்சாலையில் பறப்பதற்காக வரைந்த உடம்பில் வைத்தால் அது எப்போதும் தம் கட்டித்தான் ஓட வேண்டும். இன்ஜினின் பழைய சரித்திரம் பழைய வண்டிக்குத்தான் சாட்சி சொல்லும்.

அந்தச் சமயத்தில் இந்தியாவில் இது ஒரு சீசன் மாதிரி. 1984ல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் விட்ட கான்டெஸ்ஸா, 70களின் வாக்ஸால் விக்டரின் உடம்பு. உள்ளே அம்பாசடர் வம்சத்து 1.5 லிட்டர் இன்ஜின். பிரீமியர் 118 என்இ, ஃபியட் 124ன் உடம்பு; உள்ளே நிஸ்ஸான் இன்ஜின். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு, லைசென்ஸ், இறக்குமதி வரி எல்லாம் சேர்ந்து நடத்திவைத்த கல்யாணங்கள். கான்டெஸ்ஸாவுக்கு மட்டும் விமோசனம் கிடைத்தது: பிற்பாடு 1.8 லிட்டர் இசுஸு இன்ஜின் வந்தது, வண்டி 2002 வரை தாக்குப்பிடித்தது. 1984ல் கான்டெஸ்ஸா வாங்கியவருக்கு இது எந்த ஆறுதலும் தராது.

ஒரு காரின் அழகை ஷோரூமில் பார்த்துச் சொல்லிவிடலாம். வேகத்தை ஓட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம். பத்து வருஷம் தாங்குமா என்பதைப் பத்து வருஷம் கழித்துத்தான் சொல்ல முடியும். காசை மட்டும் இன்றைக்கே எண்ணி வைக்க வேண்டும். புதிதாக மாற்றி வடிவமைத்த ஒரு ஜெர்மன் காருக்கு முன்பணம் கட்டப் போன மதுரை நண்பனிடம், ரெண்டு வருஷம் பொறுடா, முதல் பேட்ச் குறையெல்லாம் தெரியட்டும் என்றேன். "எல்லாரும் ரெண்டு வருஷம் பொறுத்தா அந்தக் குறையெல்லாம் எவன் மாப்ள கண்டுபிடிக்கிறது?" என்றான். நியாயமான கேள்வி.

இந்தக் கேள்விக்கு ஒரு பதில் மதுரையிலேயே இருந்தது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911ல் கம்பெனி ஆரம்பித்து, அடுத்த வருஷமே பஸ் தொழிலில் இறங்கினார். மோட்டார் வண்டி என்பதே புதிது, எந்த மாடலுக்கும் முன்வரலாறு கிடையாது. ரோடு முழுக்க மாட்டுவண்டி, லாடத்திலிருந்து விழுந்த ஆணி, சித்திரை வெயில், கரிசல் புழுதி. ஆணி பொறுக்க டி.வி.எஸ். காந்தம் கட்டிய வண்டி விட்டது என்றும், பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்றும் இன்றைக்கும் ஊரில் சொல்வதுண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அந்தக் கம்பெனி கரி வாயுவில் வண்டி ஓட்டும் கேஸ் பிளான்ட் செய்து மாட்டியது. அதுவும் ஒரு மறுவடிவமைப்புதான், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியிலேயே. 70களின் தொடக்கத்தில் ரூட்டுகள் அரசுக்குப் போய், மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வரும் வரைக்கும் அந்தப் பேர் நின்றது.

டி.வி.எஸ். பஸ்ஸின் நம்பகம் வண்டியோடு சேர்ந்து வந்ததில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு அவர்களே விற்பனையாளர்கள். விற்பவனும் ஓட்டுபவனும் ரிப்பேர் பார்ப்பவனும் ஒரே வீட்டுக்காரன். ஒரு பஸ்ஸில் போன ஸ்பிரிங் அடுத்த பஸ்ஸில் போவதற்கு முன்னால் கழற்றிப் பார்க்கலாம். என் நண்பனிடம் இருக்கப்போவது ஒரே ஒரு கார். ஒரு காரை வைத்து ஒன்றுமே நிரூபிக்க முடியாது, நல்லதையும் சரி கெட்டதையும் சரி.

புதியது என்றால் சந்தேகப்படு, பழையது என்றால் நம்பு என்று சொல்லிவிட்டால் வேலை சுலபம். பென்ஸ் கதை அதையும் குழப்புகிறது. 1995ல் மெர்சிடிஸ் புனேயில் காரைத் தயாரிக்கத் தொடங்கியபோது கொடுத்தது டபிள்யூ124 என்ற ஈ கிளாஸ். 1984ல் பிறந்த மாடல். அதே 1995ல் ஐரோப்பாவில் அதற்குப் பதிலாக முட்டைக்கண் விளக்கு வைத்த டபிள்யூ210 வந்துவிட்டது. பழைய சரக்கை நம் தலையில் கட்டுகிறான் என்று இங்கே முணுமுணுத்தார்கள். காலம் தீர்ப்பு சொன்னபோது, துருப்பிடித்துப் பேர் கெட்டது புது மாடல். பழையது இன்றைக்கும் மெக்கானிக்குகள் மரியாதையோடு பேசும் கார்.

ஆனால் அந்தப் பழையதிலும், 90களின் முதல் பாதியில் செய்த பெட்ரோல் வண்டிகள் பலவற்றில், இன்ஜின் ஒயரின் மேலுறை சூட்டில் பொடிந்து உதிர்ந்தது. மாடல் பிறந்து ஏழெட்டு வருஷம் கழித்து, வெளியே தெரியாத ஒரு பொருள் மாற்றத்தால் வந்த வினை. முகப்பை மாற்றினால் ஊருக்கே தெரியும், ஒயரை மாற்றினால் யாருக்குத் தெரியும்? வாரன்டிக் காலத்தில் தலைகாட்டாத குறையும்கூட. பொறியியல் கல்லூரியில் குளியல்தொட்டி வளைவு என்று சொல்லித்தருவார்கள்: வண்டி பிறந்த புதிதில் பழுது அதிகம், நடுவில் குறைவு, முதுமையில் மறுபடி ஏறும். வாரன்டி அதன் முதல் ஓரத்தைத்தான் மூடுகிறது. நண்பன் பயப்படுவது மறு ஓரத்துக்கு.

அந்த ஓரத்தில் வண்டி எத்தனை தடவை நிற்கிறது என்பதோடு, நின்றால் எங்கே எடுத்துக்கொண்டு போவது என்பதும் சேர்ந்துகொள்கிறது. அம்பாசடர் வழியில் நிற்காத வண்டியா? நிற்கும். ஆனால் எந்த ஊரில் நின்றாலும் கிளட்ச் பிளேட்டும் கையில் கிரீஸோடு ஒரு ஆளும் கிடைப்பார்கள். அதைத்தான் நம் அப்பாக்கள் 'நம்பி எடுக்கலாம்' என்றார்கள். இன்றைய சொகுசுக் காரில் ஒரு சின்னப் பெட்டி போனால், அதற்கு ஈடு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், கம்பெனியின் லேப்டாப் அதை ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். நண்பனிடம் கடைசியாகக் கேட்டதும் இதைத்தான்: இந்த மாடலை நிறுத்திய பிறகு எத்தனை வருஷம் உதிரிபாகம் தருவார்கள்? ஷோரூமில் கேட்டானாம். சன்ரூஃப் பற்றிப் பேசினார்களாம்.

ஸ்டாண்டர்ட் 2000 வாங்கியவர்களுக்கு இந்தப் பதில் சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிரிட்டனிலும் எஸ்டி1 1986ல் நின்றிருந்தது. ஆலை முடங்கிய பிறகு சென்னையில் விற்காமல் கிடந்த உடற்பாகங்களை, பழைய ரோவர்களுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் மொத்தமாக வாங்கிக்கொண்டது. கதவும் மட்கார்டும் கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கே துருப்பிடித்த எஸ்டி1களில் ஏறின. இங்கே கார் வைத்திருந்தவர்கள் கதவு தேடிக்கொண்டிருந்தார்கள்.