ஏலத்துக்கு வந்த ஜீப்

நம்ம திருச்சிப் பக்கம் கூரைக்குத் தார்ப்பாய் போட்ட வண்டி எது போனாலும் அது ஜீப்தான். மஹிந்திரா, ட்ராக்ஸ், ஜிப்ஸி எல்லாத்துக்கும் ஒரே பெயர். கொஞ்சம் கவனிச்சா இன்னொன்றும் தெரியும். அந்தப் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு அதிகாரம் ஒட்டிக்கொண்டிருக்கும்: போலீஸ் ஜீப், பி.டி.ஓ. ஜீப், தாசில்தார் ஜீப், ஃபாரஸ்ட் ஜீப். கார் என்றால் பணக்காரர் வண்டி, ஜீப் என்றால் சர்க்கார் வண்டி. நம்ம அப்பா தலைமுறைக்கு இதுதான் கணக்கு.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. 1996 மாடல் மஹிந்திரா எம்.எம். 540. வாங்கிப் பதிமூன்று வருஷம் ஆகிறது. அதன் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டினால் முதல் உரிமையாளர் ஒரு அரசுத் துறை. இரண்டாவது, பச்சைமலை அடிவாரத்து விவசாயி ஒருவர். மூன்றாவது நான். இந்த வரிசை தற்செயலா, இல்லை எல்லா ஜீப்புக்கும் இதுதான் பாதையா என்று தேட ஆரம்பித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை.

49 நாள் கெடு

1940 ஜூலை. பிரான்ஸ் ஹிட்லரிடம் விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் அனுப்பியது. சின்னதா ஒரு வேவு வண்டி வேண்டும், நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், எடை 1300 பவுண்டு, அதாவது 590 கிலோவுக்குள் இருக்க வேண்டும், மாதிரி வண்டி 49 நாளில் வர வேண்டும். இதைப் படித்துவிட்டுக் களத்தில் இறங்கியவை இரண்டே கம்பெனிகள்: அமெரிக்கன் பான்டம், வில்லிஸ் ஓவர்லேண்ட்.

பான்டம் நொடித்துப்போகும் நிலையில் இருந்த சின்னக் கம்பெனி. கார்ல் ப்ராப்ஸ்ட் என்ற பொறியாளரை வெளியிலிருந்து கூட்டிவந்தார்கள். அவர் இரண்டே நாளில் அடிப்படை வரைபடத்தை முடித்தார். செப்டம்பர் 23 அன்று வண்டி ராணுவ முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. சோதனையில் தேறியும் விட்டது. ஆனால் இவ்வளவு சின்னக் கம்பெனியால் போருக்குத் தேவையான எண்ணிக்கையைத் தர முடியுமா என்று ராணுவத்துக்குச் சந்தேகம். அந்த வரைபடங்களை வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டினார்கள். வில்லிஸிடம் 60 குதிரைசக்தி எஞ்சின் இருந்ததால் முக்கிய ஆர்டர் அவர்களுக்குப் போனது. பிறகு ஃபோர்டும் அதே வண்டியைச் செய்தது. போர் முடிவதற்குள் சுமார் 6.4 லட்சம் வண்டிகள். 590 கிலோ என்ற கணக்கை மட்டும் கடைசிவரை யாராலும் எட்ட முடியவில்லை.

போர் முடிந்ததும் இந்த வண்டிக்கு ஊர் ஊராக வாரிசுகள் முளைத்தன. பிரிட்டனில் தன் பண்ணையில் பழைய ராணுவ ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த மாரிஸ் வில்க்ஸ், 1948ல் லேண்ட் ரோவரைக் கொண்டுவந்தார். எஃகுக்குத் தட்டுப்பாடு என்பதால் அதன் உடம்பு அலுமினியத்தில் ஆனது. 1951ல் டொயோட்டா ஒரு ஜீப் செய்தது. பின்னால் லேண்ட் க்ரூஸர் ஆனது அதுதான். அதே ஆண்டு நிஸான் பேட்ரோல் வந்தது. அந்த பேட்ரோலின் அடுத்த தலைமுறையைத்தான் நம்ம ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலை 1969லிருந்து ஜோங்கா என்ற பெயரில் செய்தது.

மஹிந்திராவும் முகமதுவும்

1945ல் தொடங்கிய கம்பெனியின் பெயர் மஹிந்திரா அண்ட் முகமது. எஃகு வியாபாரம். பிரிவினையின்போது பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார். பிறகு கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948ல் கம்பெனி மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. அதற்குள் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பை உதிரிகளாக இறக்கி, இங்கே பூட்டி விற்கும் வேலை ஆரம்பமாகிவிட்டது. ஐம்பதுகளில் பாகங்களையும் படிப்படியாக இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகாரும் ஜீப்பைச் சுற்றித்தான் எழுந்தது. காஷ்மீர் போருக்காக 1948ல் லண்டனில் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன் வழியாகப் பழைய ஜீப்புகளுக்கு ஆர்டர் போனது. வந்து இறங்கியவை 155. அவற்றையும் ராணுவம் வேண்டாம் என்றது. 1955ல் அரசு அந்த விவகாரத்தை முடித்துவைத்தது.

மஹிந்திரா கடைசிவரை பிடித்துக்கொண்டது சி.ஜே. 3பி என்ற மாடலை. அமெரிக்காவில் 1953ல் வந்து 1968ல் நின்றுபோனது. இங்கே அதே உருவம் எஞ்சினும் பெயரும் மாறி மாறிப் பல பத்தாண்டு ஓடியது. என் 540ம் அந்த வம்சம்தான். உள்ளே பிரெஞ்சு பியூஜோ டீசல் எஞ்சின், 2112 சி.சி. சக்தி அறுபது சொச்சம் குதிரை. 1941ல் வில்லிஸ் தந்த அதே அறுபது!

பி.டி.ஓ. ஜீப்

சரி, ராணுவ வண்டி நம்ம கிராமத்துக்கு எப்படி வந்தது? 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் 55 திட்டப் பகுதிகள். ஒரு பகுதிக்கு ஏறக்குறைய 300 கிராமம், மூன்று வட்டாரம். வட்டாரத்துக்கு ஒரு வளர்ச்சி அதிகாரி. நூறு கிராமத்தை ஒரு ஆள் சுற்றிப் பார்க்கணும். ரோடு கிடையாது, மழைக்காலத்தில் வண்டிப்பாதையும் கிடையாது. அந்த வேலைக்கு அன்றைக்கு இருந்த ஒரே பதில் ஜீப். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு யுனிசெஃப் ஜீப்புகள் கொடுத்தது. மலேரியா ஒழிப்பு, குடும்பக் கட்டுப்பாடு என்று ஒவ்வொரு திட்டத்தோடும் இன்னும் சில ஜீப்புகள் வந்தன. தமிழ்நாட்டில் 1958 பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பிறகு பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் என்றாலே வாசலில் ஒரு ஜீப்.

அம்மைத் தடுப்பூசி, உர மூட்டை, ஓட்டுப்பெட்டி எல்லாம் பல கிராமங்களுக்கு முதன்முதலில் ஜீப்பில் ஏறித்தான் போயின. ஜப்தி நோட்டீசும் அதே ஜீப்பில்தான் போனது. ஜீப் சத்தம் கேட்டால் ஒரு வீட்டில் நிம்மதி, அடுத்த வீட்டில் பயம்.

கண்டம் ஆன பிறகு

சர்க்கார் வண்டிக்கு ஒரு ஆயுள் உண்டு. அது முடிந்தால் துறை அதைக் கழித்துக்கட்டும். நம்ம ஊர்ப் பேச்சில் 'வண்டி கண்டம் ஆயிடுச்சு'. பேப்பரில் ஏல அறிவிப்பு வரும். போலீஸ் வண்டி என்றால் ஆயுதப்படை மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். ஏலம் எடுக்க வருகிறவர்கள் மூன்று ரகம்: எடைக்கு வாங்குகிற பழைய இரும்பு வியாபாரி, பட்டறைக்காரர், மலைக்காட்டு விவசாயி.

இந்த மூன்றாவது ரகத்தைப் புரிந்துகொள்ள துறையூர் தாண்டிப் பச்சைமலைக்கு ஒரு தடவை போய்வந்தால் போதும். டாப் செங்காட்டுப்பட்டி வரை ரோடு இருக்கிறது. அங்கிருந்து உள்ளே பிரியும் மண்பாதைகளில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையைக் கீழே இறக்கணும், பிரசவ வலி எடுத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். ஏலத்தில் சல்லிசாக வந்த ஜீப்தான் அங்கே லாரி, அதுவே ஆம்புலன்ஸ்.

இதே கதையைப் பெரிய அளவில் தேனி மாவட்டத்தில் பார்க்கலாம். போடி, கம்பம் பக்கமிருந்து இருட்டு விலகும் முன் புறப்பட்டு, மலையேறி இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்கள், அதிலும் பெண்கள், பயணிப்பது ஜீப்பில்தான். இருக்கையைவிட ஆள் அதிகம். கொண்டை ஊசி வளைவில் விபத்துச் செய்திகளும் வந்துகொண்டே இருக்கும். நமக்கு வார இறுதி விளையாட்டு, அவங்களுக்கு அன்றாடக் கூலி. ஆஃப் ரோடு என்ற சொல்லை உபயோகிக்கும்போது இது என் மனசில் ஓடும்.

வைத்திருப்பவனுக்குத்தான் தெரியும்

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் இதைத் திருப்புவதே ஒரு உடற்பயிற்சி. பவர் ஸ்டியரிங் கிடையாது. மழை வந்தால் கதவு ஓரம் ஒழுகும். கியர்பாக்ஸ் சூடு காலைச் சுடும். அறுபதுக்கு மேல் போனால் வண்டியே 'வேண்டாம்'னு சொல்லும். வைகுண்ட ஏகாதசி சமயத்தில் வீதியில் நிறுத்த இடம் கிடைக்காது, முதல் நாளே ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டுவிடணும்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று உண்டு. கியர்பாக்ஸுக்குப் பின்னால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் என்று இன்னொரு பெட்டி. அதில் ஒரு லீவர் முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கும். இன்னொன்று வேகத்தை ஏறக்குறைய இரண்டரை மடங்கு குறைத்து, அந்த அளவுக்கு இழுவையைக் கூட்டும். நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாததால் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றியே ஆகணும். தார் ரோட்டு வளைவில் அப்படி ஓட்டினால் சக்கரம் வழுக்க இடமில்லாமல் உள்ளே பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சேறு, மணல் என்றால் வழுக்கி ஈடுகட்டிவிடும். கொள்ளிடக் கரை மணலில் அச்சுவரை புதைந்த ஒரு காரை இந்த இரண்டு லீவரையும் போட்டு இழுத்தபோது, எஞ்சின் சத்தம்கூடப் பெரிதாக ஏறவில்லை.

எனக்கு வண்டி பார்க்கிற பெரியவருக்கு எழுபது வயது. "தம்பி, இது ஒண்ணையும் ஒளிக்காத வண்டி. எங்க வலிக்குதுன்னு அதுவே சொல்லும், காதுதான் வேணும்" என்பார். சாஃப்ட்வேர்காரன் பாஷையில், சோர்ஸ் கோடு முழுக்கத் திறந்திருக்கிற வண்டி. குனிந்தால் எல்லா பாகமும் கண்ணில் படும், ஸ்பேனர் எட்டும். உதிரி பாகம் சென்னை புதுப்பேட்டையில் இன்றும் கிடைக்கிறது. தகடு போனால் தட்டி ஒட்டலாம், ஏன்னா உடம்பு பெரும்பாலும் தட்டையான தகடுதான். அவசரப் போரில், அனுபவமில்லாத சிப்பாய் கைக்கும் அடங்கணும் என்று செய்த வடிவம். அந்தக் குணம்தான் அதை ஏலத்துக்குப் பின்னும் முப்பது வருஷம் வாழ வைக்கிறது.

பாதை அடைபட்ட கதை

2023 ஏப்ரல் 1லிருந்து நிலைமை மாறிவிட்டது. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்கக் கூடாது, பதிவுபெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் அனுப்பணும் என்று மத்திய அரசு விதி கொண்டுவந்தது. ராணுவம், சட்டம் ஒழுங்குக்கான சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. நாடு முழுக்க 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் இதில் அடங்கும் என்று அமைச்சர் நிதின் கட்கரி சொன்னார். என் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற அந்த வரிசை, துறையிலிருந்து விவசாயிக்கு, விவசாயியிடமிருந்து எனக்கு, இனிமேல் உருவாகப்போவதில்லை. பழைய ஜீப் நேராக நசுக்கும் இயந்திரத்துக்குப் போகும்.

தனியார் வண்டிக்கு வயசுத் தடை இங்கே இல்லை, ஆனால் கட்டணம் ஏறுகிறது. காருக்கான பதிவுப் புதுப்பிப்பு 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5000 ஆனது. 20 வருஷம் தாண்டியதற்கு 2025ல் 10,000 ஆக்கிவிட்டார்கள்.

இதை முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். பழைய டீசல் எஞ்சின் புகையை ஸ்கூல் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கிற குழந்தையும்தான் சுவாசிக்கிறது. என் வாதம் வேறு. வயசைப் பார்த்துக் கழிக்காமல் புகையையும் பிரேக்கையும் அளந்து பார்த்துக் கழிக்கணும். இருபது வருஷ வண்டி சோதனையில் தேறினால் ஓடட்டும், எட்டு வருஷ வண்டி தேறாவிட்டால் நிற்கட்டும். உடைக்கிறதோடு நிறுத்தாமல், அந்த இடத்தில் மலைக்காரருக்கு எது வரும் என்றும் யோசிக்கணும்.

புது தார் இருக்கே என்று கேட்கலாம். நல்ல வண்டி, மறுக்கவில்லை. 2020ல் வந்த அந்தத் தலைமுறையை வடிவமைத்ததில் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிற மஹிந்திரா ஆராய்ச்சி மையத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் வெளிவந்தபோதே ஆரம்ப விலை 9.80 லட்சம். எஞ்சினை நடத்துவது கம்ப்யூட்டர். கோளாறு என்றால் ஸ்கேனர் வைத்திருக்கிறவரிடம்தான் போகணும். கிழங்கு மூட்டை ஏற்றுகிறவர் அதை வாங்கப்போவதில்லை. வாங்கினாலும் மலைமேல் வைத்து ரிப்பேர் பார்க்க முடியாது. எண்பது வருஷத்தில் ஜீப் போர்க்களத்திலிருந்து ஆபீஸுக்கும், ஆபீஸிலிருந்து மலைக்கும் இறங்கி வந்தது. இப்போது ஷோரூமுக்கு ஏறிவிட்டது.

என் வண்டிக்கு 2026ல் பதிவைப் புதுப்பிக்கணும். பத்தாயிரம் எடுத்து வைத்துவிட்டேன். அதற்கு முன்னால் முன் அச்சில் கிங் பின் மாற்றணும், பிரேக் நாலும் பிரித்துப் பார்க்கணும். புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறேன். தேறினால் இன்னும் ஐந்து வருஷம். உங்கள் வீட்டிலோ ஊரிலோ பழைய ஜீப் இருந்தால் அதன் ஆர்.சி. புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். முதல் வரியில் எந்தத் துறையின் பெயர் இருக்கிறது என்று எனக்கும் சொல்லுங்கள்.