ஹைட்ரஜன் அமரும் இடம்

ஹைட்ரஜன் சேமிப்பின் வரலாற்றை, எந்தப் பொருள் எத்தனை சதவீத வாயுவை உள்வாங்கியது என்ற பட்டியலாகவே எழுதுகிறோம். வாயு உள்ளே எங்கே அமர்கிறது என்பதே அதைவிட ஆழமான கேள்வி. எக்ஸ் கதிர்கள் எலெக்ட்ரான்களால் சிதறுபவை. ஒற்றை எலெக்ட்ரான் கொண்ட ஹைட்ரஜன் அவற்றுக்கு அநேகமாகப் புலப்படாது. நியூட்ரானைச் சிதறடிப்பதோ அணுக்கரு; ஆகவே அதற்கு ஹைட்ரஜனும் புலப்படும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் வோலன், ஷல் குழுவினர் 1948இல் சோடியம் ஹைட்ரைடில் ஹைட்ரஜனின் இடத்தை இவ்வழியில் கண்டனர். ஷல்லுக்கு 1994இல் நோபல் பரிசு வந்தபோது வோலன் உயிருடன் இல்லை.

1999இல் யாகி குழு அறிவித்த எம்ஓஎஃப்-5, துத்தநாக ஆக்சைடு முடிச்சுகளைக் கரிமச் சட்டங்கள் இணைக்கும் நுண்துளைப் பொருள். 2005இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்டின் யில்டிரிமும் ஹார்ட்மனும் அதன் தூளைக் கடுங்குளிரில் வைத்து, கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தைச் சிறிது சிறிதாகச் செலுத்தி நியூட்ரான் சிதறலை அளந்தனர். முதல் மூலக்கூறுகள் துளையின் நடுவில் மிதக்கவில்லை. உலோக முடிச்சின் ஓரக் குழிவுகளில் ஒட்டின. டியூட்டீரியம் சாதாரண ஹைட்ரஜன் அல்லவே என்று கேட்கலாம். சாதாரண ஹைட்ரஜனின் ஒழுங்கற்ற சிதறல் பின்னணி இரைச்சலாகி விவரங்களை மூழ்கடித்துவிடும். இரண்டுக்கும் எலெக்ட்ரான் அமைப்பு ஒன்றே என்பதால் ஒட்டும் இடம் பெரிதாக மாறாது. இடத்தைக் கண்டறிந்து என்ன பயன், இன்றைய ஹைட்ரஜன் கார்கள் 700 பார் அழுத்தத் தொட்டிகளையே நம்புகின்றனவே என்பது வலுவான ஆட்சேபம். ஆனால் எங்கே தேட வேண்டும் என்று சொன்னது நியூட்ரான் சிதறல்தான்: 2006இல் செம்பு கொண்ட வேறொரு நுண்துளைப் பொருளில், மறைப்பின்றி நின்ற உலோக அணுவருகே வாயு முதலில் அமர்வதை நியூட்ரான்கள் காட்டின. பிடிப்பை வலுவாக்கும் முயற்சி அதன்பின் குருட்டுத் தேடலாக இருக்கவில்லை.