மடிக்கணினியும் வரிச்சலுகையும்



மலேசியாவில் 2007ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல், கணினி வாங்கியோர் மூன்றாண்டுக்கு ஒருமுறை 3,000 ரிங்கிட் வரை வருமான வரிக்கழிவு பெற்றனர். 2017இல் இது நூல், விளையாட்டுக் கருவிகளுக்கான கழிவுகளோடு இணைந்து, ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் என்னும் ஒரே வரம்புக்குள் அடங்கியது.

ஆனால், வரி செலுத்துமளவு ஊதியம் பெறாதார்க்கு வரிக்கழிவால் என்ன பயன்? கம்போங் மேடான் அடுக்குமாடிகளில் அத்தகைய பெற்றோர் பலர். கணினியின் முழு விலையும் அவர்தம் உழைப்பிலிருந்தே வரவேண்டும்.

ஆகவே, பட்டப்படிப்பு முடியும்வரை தாங்குவதையே தேர்ந்தெடுங்கள். 16 ஜிபி நினைவகமும் 512 ஜிபி எஸ்எஸ்டியும் பெரும்பாலான பாடங்களுக்குப் போதும். எளிய விளையாட்டுகளுக்குத் தனி வரைகலை அட்டை தேவையில்லை. அப்பணம் பாடநூலுக்கு உதவும். வரி செலுத்துவோர் இரசீதைப் பத்திரப்படுத்துக!