லோகோ ஆமை

லோகோ, பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்து 1967இல் உருவான நிரல்மொழி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் போல்ட் பெரானெக் அண்ட் நியூமன் நிறுவனத்தில் வாலி ஃபியூர்சிக், சீமோர் பாப்பர்ட், சிந்தியா சாலமன் முதலானோர் இதை வடிவமைத்தனர். தொடக்கத்தில் சொற்களையும் வாக்கியங்களையும் கையாளவே அது பயன்பட்டது. தரையில் உருண்டு பேனாவால் கோடிழுக்கும் ஆமைப் பொறி பின்னால்தான் வந்தது. பிரிஸ்டலில் கிரே வால்டர் 1940களின் இறுதியில் செய்த இயந்திர ஆமைகளிடமிருந்து அதற்குப் பெயர் கிடைத்தது. வீட்டுக் கணினிகள் பரவியதும் ஆமை திரைக்குள் போய்விட்டது. பொறியின் விலைக்குப் பள்ளிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஆயினும் லோகோவின் கல்விப் பயன் ஆமை எங்கே ஊர்ந்தது என்பதைப் பொறுத்ததல்ல. பிள்ளையின் பிழையை வகுப்பறை என்ன செய்தது என்பதைப் பொறுத்தது.

முக்கோணம் வரையும் பயிற்சியே இதற்குச் சான்று. சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 பாகை என்று படித்த பிள்ளை, ஆமையை 100 அடிவைக்கச் சொல்லி, வலப்பக்கம் 60 பாகை திரும்பச் சொல்லும். மூன்று முறை செய்தும் கோடு மூடாது. அறுகோணத்தில் பாதிதான் கிடைக்கும். ஆமை திரும்புவது உட்கோணத்தை அல்ல, வெளிக்கோணமான 120 பாகையை. எழுந்து நின்று, தானே அந்தப் பாதையில் நடந்து பார்த்தால் பிள்ளைக்கு இது புலப்படும். தேர்வுத்தாளில் ‘தவறு’ என்று சிவப்பு மையில் முடிந்துபோகும் விஷயம் இங்கே அடுத்த வேலையாகிறது. ஜெனீவாவில் உளவியலாளர் பியாஜேயுடன் பணியாற்றியவரான பாப்பர்ட், 1980இல் வெளியிட்ட ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில் பிழைதேடுதலுக்கு அவ்வளவு இடம் கொடுத்தது இதனால்தான்.

இப்படிப் பிழைதேடிக் கற்பது சிந்தனையை வளர்க்கும் என்ற நம்பிக்கைக்கு வலுவான மறுப்பு நியூயார்க்கின் பேங்க் ஸ்ட்ரீட் கல்லூரியிலிருந்து வந்தது. ஓராண்டு லோகோ பயின்ற பிள்ளைகள் வகுப்பறை வேலைகளைத் திட்டமிடுவதில் மற்றவர்களைவிட மேம்படவில்லை என்று ராய் பீயும் மிடியன் கர்லண்டும் 1984இல் காட்டினர். கருவியைத் தனியே பிரித்து அதன் விளைவை அளக்க முடியாது, சூழலோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்றார் பாப்பர்ட். அது பாதிப் பதில்தான். எந்தத் தோல்விக்கும் அப்படிச் சமாதானம் சொல்லிவிடலாம். உருப்படியான பதில் 1988இல் டேவிட் கிளாரும் ஷாரன் கார்வரும் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. பிழையின் தன்மையை விவரித்து, இடத்தை ஊகித்து, திருத்தி, மறுபடி சோதிக்கும் முறையை அவர்கள் வெளிப்படையாகவே கற்பித்தார்கள். அந்தப் பிள்ளைகள் கணினிக்கு வெளியே, பிறர் எழுதிய வழிகாட்டுக் குறிப்புகளில் இருந்த பிழைகளையும் முன்னைவிட நன்றாகக் கண்டுபிடித்தார்கள். தானே கண்டறியட்டும் என்று விட்டால் போதும் என்ற பழைய எண்ணத்தை இது ஆட்டம் காண வைக்கிறது. ஆனால் லோகோவை வீண் என்றவர்களுக்கும் இது வெற்றியல்ல.

லோகோவின் வாரிசுகள் பல. 1998இல் லெகோ வெளியிட்ட மைண்ட்ஸ்டார்ம்ஸ் பெட்டி ஆமையை மறுபடி தரைக்குக் கொண்டுவந்தது, 2007இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த ஸ்கிராட்ச், கட்டளைகளைக் கோக்கும் கட்டங்களாக்கியது. கட்டங்கள் எழுத்துப்பிழையை ஒழித்தன. ஆனால் 60க்கும் 120க்கும் இடையிலான குழப்பம் ஸ்கிராட்சிலும் அப்படியே உண்டு. படிப்படியான செய்குறிப்பைப் பார்த்து எல்லாப் பிள்ளைகளும் ஒரே வண்டியைப் பொருத்தி முடிக்கும் பயிலரங்குகளில் மட்டும் அது தலைகாட்டுவதில்லை.