முகத்தின் அளவும் மூச்சின் காவலும்

வல்ல இறைவன் மனிதரை ஒரே மண்ணிலிருந்து படைத்தும், ஒருவர் முகம்போல் மற்றொருவர் முகத்தை அமைக்கவில்லை. இவ்வேற்றுமையைக் கவிஞர் வியந்து பாடினர். கருவி செய்வோரோ நெடுங்காலம் கருதாதிருந்தனர். மூச்சுக் கவசத்தின் சரித்திரத்தைப் புரட்டுவோர்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது, அஹ்மது, ஹசன் ஆகிய பனூ மூஸா சகோதரர் மூவரும் 'கிதாபுல் ஹியல்' என்னும் நூலை யாத்தனர். அதில் விளக்கப்பெறும் ஏறத்தாழ நூறு கருவிகளுள், நச்சுக் காற்று நிறைந்த கிணற்றில் இறங்குவோர் தீங்கின்றி மூச்சுவிட உதவும் கருவியும் ஒன்று. கிணறு தோண்டுவோரின் உயிரைப் பொருட்படுத்திய அறிவு அது.

பினாங்கில் 1879இல் பிறந்த சீன மருத்துவர் வூ லியன் தே, 1910 டிசம்பரில் மஞ்சூரியாவின் ஹார்பின் நகர் சென்றார். அங்கே பரவிய நுரையீரல் பிளேக் மூச்சு வழியே தொற்றுகிறது எனக் கண்டு, வலைத்துணிக்குள் பஞ்சு வைத்துத் தலையைச் சுற்றிக் கட்டும் கவசத்தை அணியச் செய்தார். அதை அணிய மறுத்த பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி 1911 ஜனவரியில் அந்நோய்க்கே இரையானார். அந்தக் கொள்ளைநோயில் மாண்டவர் ஏறத்தாழ 60,000 பேர்.

துணிக் கவசம் முடிச்சுக்கு இணங்கும்; முகத்துக்கேற்ப இறுகும். பின்னர் ஆலைகளில் அச்சில் வார்த்த கவசங்கள் வந்தபோதுதான் சிக்கல் பிறந்தது. மூச்சை உள்ளிழுக்கும்போது கவசத்தினுள் காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று தடை குறைந்த வழியைத் தேடி நுழைகிறது. மூக்குத் தண்டின் ஓரத்திலோ, கன்னத்திலோ, மோவாயின் கீழோ சிறு இடைவெளி இருப்பின், வடிகட்டி எத்துணை உயர்ந்ததாயினும் பயனில்லை. என்-95 கவசத்தின் வடிகட்டி நுண்துகள்களில் 95 விழுக்காட்டையேனும் தடுக்கும் என்பது மெய்யே. ஆனால் ஓரத்தில் புகும் காற்றுக்கு அக்கணக்கு பொருந்தாது.

ஆகவே முகத்தை அளக்கலாயினர். 1967, 1968ஆம் ஆண்டுகளில் அமெரிக்க விமானப்படையினரிடம் எடுத்த அளவுகளைக் கொண்டு, லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடம் 1970களில் 25 பேர் கொண்ட சோதனைக் குழுவுக்கு அட்டவணை வகுத்தது. மூக்கின் வேரிலிருந்து மோவாய் வரையுள்ள நீளம், கன்ன எலும்புகளுக்கிடையேயுள்ள அகலம், வாயின் அகலம் ஆகியவையே அதற்கு அடிப்படை. படைவீரர் பெரும்பாலும் இளையோர். உழைப்பாளர் உலகமோ அவ்வாறன்று. 2003இல் 3,997 பேரை அளந்து பார்த்தபோது, கவசம் அணிவோருள் 15 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் பழைய அட்டவணைக்கு வெளியே நின்றனர்! முகநீளம் 98.5 முதல் 138.5 மில்லிமீட்டர், அகலம் 120.5 முதல் 158.5 மில்லிமீட்டர் எனப் புதிய அட்டவணை அதன்பின் எழுந்தது.

சீனாவில் 2006இல் 3,000 பேரை அளந்தனர். அவர்தம் முகங்கள் அமெரிக்கர் முகங்களினும் நீளம் குறைந்து, அகலம் மிகுந்து, மூக்கு தாழ்ந்திருந்தன. ஒரு நாட்டார் முகத்துக்கு வார்த்த அச்சு மற்றொரு நாட்டாரைக் காக்கும் என எவ்வாறு நம்புவது? இந்தியர் உடலளவுகளைத் தொகுத்து அஹமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997இல் நூல் வெளியிட்டது. அந்த வழியில் நம் கல்லுடைப்பார், மருந்து தெளிப்பார், செவிலியர் ஆகியோரின் முகங்களும் நுணுக்கமாக அளக்கப்படுதல் வேண்டும்.

தாடியுடையோர்க்கு மற்றொரு கேள்வி எழுகிறது. கவசத்தின் விளிம்பில் ரோமம் இருப்பின் பொருத்தம் கெடும். இதனை மறுப்பது அறிவன்று. ஆனால் சுன்னத்தைப் பேணுவதா, பிழைப்பைப் பேணுவதா என ஒரு தொழிலாளியைத் தவிக்க விடுவதும் நீதியன்று. விசிறியால் தூய காற்றூட்டும் தளர்ந்த தலைமூடிக் கவசம் உண்டு. அதற்கு முகத்தோடு இறுகிய பொருத்தம் தேவையில்லை. அதனை வாங்கித் தருவது வேலை வாங்குவோர் கடமை. ஷரீஅத்தின் நோக்கங்கள் ஐந்தென வகுத்த இமாம் கஸ்ஸாலி, உயிர்க்காப்பையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார்கள் என்பதை இரு தரப்பாரும் நினைவிற் கொள்ளல் நன்று.

பொருத்தம் அறியும் சோதனையும் எளிதே. கவசம் அணிந்தவரின் தலையை மூடி, சாக்கரின் கலந்த நீரைப் பனியாகத் தெளிப்பர். நாவில் இனிப்புத் தட்டினால் கவசம் ஒழுகுகிறது என்று பொருள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் இச்சோதனை சட்டப்படி கட்டாயம்.

தாமிரபரணிக் கரையின் பத்தமடையில், மணமக்களுக்குப் பெயர் பொறித்த கோரைப்பாய் நெய்யும் கைவினைஞர், நீளமும் அகலமும் கேட்டறிந்தே தறியில் பாவு கட்டுவர். படுக்கும் பாய்க்கே அளவு கேட்கும் நாட்டில், மூச்சைக் காக்கும் கவசத்துக்கு அளவு கேட்காதிருப்பது எவ்வாறு தகும்?