பனை வைத்தவர்கள்

தென்னை வைத்தவன் தின்றுவிட்டுப் போவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுப் போவான் என்பது நம் ஊர்ப் பேச்சு. நம் நாட்டின் முன்னாள் பிரதமர்களின் வாழ்வையும் பணியையும் ஆராயும்போது இப்பழமொழியின் ஆழம் நமக்கு விளங்குகிறது.

பிரதமர்களை நினைவுகூரும்போது நாம் முதலில் எண்ணுவது அவர்கள் ஆண்ட காலத்தையே. நேரு ஏறத்தாழ 17 ஆண்டுகள். இந்திரா காந்தி இரு தவணைகளிலுமாக ஏறத்தாழ 16 ஆண்டுகள். சரண் சிங் ஆறு மாதத்திற்கும் குறைவு. குல்சாரிலால் நந்தா இடைக்காலப் பொறுப்பில் இருமுறையும் இரண்டு வாரத்திற்கும் குறைவு. நெடுநாள் ஆண்டவர் பெரியவர், சில நாள் ஆண்டவர் சிறியவர் என்று நம் மனம் தானாகவே முடிவு கட்டிவிடுகிறது. ஆனால் வரலாற்றின் அளவுகோல் வேறு. ஒரு பிரதமர் ஊன்றியது இன்னொருவர் காலத்தில், அதுவும் பலவேளைகளில் அவருடைய அரசியல் எதிரியின் காலத்தில், பலன் தந்திருப்பதை அங்கே காண்கிறோம்.

லால் பகதூர் சாஸ்திரியை எடுத்துக்கொள்வோம். 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சிதைந்து, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு வண்டி ஆற்றில் வீழ்ந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராயிருந்த சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். விபத்துக்கு அவர் காரணரல்லர் என்பதை நேரு அறிந்திருந்தார். எனினும் பொது வாழ்வில் ஒரு முன்மாதிரி வேண்டும் என்று கருதியே விலகலை ஏற்றார். பதவியைத் தம் உடைமையாகக் கருதாத இம்மனிதர் 1964 ஜூன் 9 அன்று பிரதமரானார். 1966 ஜனவரி 11 அதிகாலை தாஷ்கண்டில் காலமானார். இடைப்பட்டவை 19 மாதங்களே.

அம்மாதங்களில் நாடு பசியோடும் போரோடும் போராடியது. அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்து வாழ்ந்த காலம் அது. சாஸ்திரி, உணவு அமைச்சர் பொறுப்பை நம் கோவை மண்ணின் மைந்தர் சி. சுப்பிரமணியத்திடம் ஒப்படைத்தார். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் அமைந்தது. குட்டை இனக் கோதுமையைப் பரப்பும் முயற்சியும் அக்காலத்திலேயே வேர்விட்டது. ஆயினும் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதைக் கோதுமை வந்திறங்கியபோது சாஸ்திரி உயிரோடு இல்லை. 1964-65-இல் ஏறத்தாழ 1.2 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல் 1969-70-இல் 2 கோடி டன்னை எட்டியது. 1968-இல் கோதுமைப் புரட்சிக்கென அஞ்சல்தலை வெளியானபோது பிரதமராயிருந்தவர் இந்திரா காந்தி. எதிர்ப்புகளுக்கிடையே அத்திட்டத்தைக் கைவிடாமல் காத்தவர் அவர் என்பதையும் நாம் மறுக்கலாகாது.

மொழிச் சிக்கலிலும் இதையே காண்கிறோம். இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் நீடிக்கும் என்று நேரு 1959-இல் உறுதியளித்தார். 1965-இல் தமிழகம் கொந்தளித்தபோது சாஸ்திரியின் அரசு தொடக்கத்தில் அவ்வுறுதியின் கனத்தை உணரவில்லை. உயிர்கள் பலியாயின. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்த பின்னரே, பிப்ரவரி 11 அன்று வானொலியில் சாஸ்திரி அவ்வுறுதியைப் புதுப்பித்தார். அது சட்டத்தில் இடம்பெற்றது 1967-இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழித் திருத்தச் சட்டத்தால். ஒரே வாக்குறுதி நிறைவேற மூன்று பிரதமர்கள் தேவைப்பட்டனர்.

பிற்படுத்தப்பட்டோருக்கான மண்டல் குழுவை அமைத்தது மொரார்ஜி தேசாயின் ஆட்சி. 1980 இறுதியில் அளிக்கப்பட்ட அறிக்கை ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது. 1990 ஆகஸ்ட் 7 அன்று வி.பி. சிங் 27 விழுக்காடு இடஒதுக்கீட்டை அறிவித்தார். சரியாக மூன்று மாதங்களில், நவம்பர் 7 அன்று, மக்களவையில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றார். 1992-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை ஏற்றபோது ஆட்சியில் இருந்தவர் நரசிம்ம ராவ். ஓராண்டுகூட முழுமையாக ஆளாத வி.பி. சிங்குக்கு 2023-இல் சென்னை மாநிலக் கல்லூரி வளாகத்தில் சிலை எழுந்தது.

ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தேட முனைந்தவர் ராஜீவ் காந்தி. அவருடைய மசோதா 1989 அக்டோபரில் மாநிலங்களவையில் தோற்றது. அடுத்து வந்த தேர்தலில் அவரும் ஆட்சியை இழந்தார். வி.பி. சிங் அரசு 1990-இல் கொண்டுவந்த மசோதாவும் ஆட்சி கவிழ்ந்ததால் காலாவதியாயிற்று. 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் கொல்லப்பட்டார். நரசிம்ம ராவ் காலத்தில், 1992 டிசம்பரில் 73-ஆவது திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்களுக்கு என்ற விதியும் அதனோடு வந்தது.

பனை மட்டுமா ஊன்றப்பட்டது? சீமைக் கருவேலமும் ஊன்றப்பட்டதுண்டு. 1975 ஜூன் 25 அன்று இந்திரா காந்தி காலத்தில் தொடங்கி 21 மாதங்கள் நீடித்த நெருக்கடி நிலையில் தலைவர்கள் சிறையிலும் செய்தித்தாள்கள் தணிக்கையிலும் கிடந்தனர். அடுத்து வந்த மொரார்ஜி அரசு 1978-இல் 44-ஆவது திருத்தத்தின் வழியே, உள்நாட்டுக் குழப்பம் என்ற காரணத்தை நீக்கி, ஆயுதமேந்திய கிளர்ச்சி இருந்தாலன்றி உள்நாட்டு நிலையைக் காட்டி நெருக்கடி அறிவிக்க இயலாதபடி செய்தது. சட்டத்தின் முள்ளை வெட்டிவிட்டார்கள். அச்சமும், அதிகாரத்திற்குப் பணிந்துபோகும் பழக்கமுமாகிய வேர் அவ்வளவு எளிதில் அறுபடுவதன்று.

ஆகவே, ஒருவர் எத்தனை ஆண்டுகள் ஆண்டார், எத்தனை மாலைகள் பெற்றார் என்பவற்றை விட்டு, தமக்குக் கிட்டாத பலனுக்காக எதை ஊன்றிச் சென்றார் என்று கேட்கப் பழகுவோம். வாக்களிக்கும்போதும் இதே கேள்வியைக் கேட்போம். அடுத்த தேர்தலுக்குள் காய்ப்பதை மட்டுமே நாம் கேட்டால், ஆட்சியாளரும் அதை மட்டுமே நடுவர். பனை வைக்க ஆளிருக்காது.

இன்னொரு கடமையும் நமக்குண்டு. பனை வைத்தவர் போய்விட்டார். நுங்கும் பதநீரும் நமக்கு விடப்பட்டுள்ளன. அதற்கு நாம் மரம் ஏறியாக வேண்டும். மூன்று பிரதமர்களின் முயற்சியில் உரம்பெற்ற ஊராட்சி அமைப்பின் உயிர்நாடி கிராம சபை. ஆண்டுதோறும் அது கூடும் நாள்களுள் ஒன்றான அக்டோபர் 2, காந்தியடிகள் பிறந்த நாள்; சாஸ்திரி பிறந்த நாளும் அதுவே. அன்று நம் ஊர்க் கணக்கு நம் முன்னே படிக்கப்படுகிறது. நம் தெருவின் குடிநீரையும் விளக்கையும் பற்றிக் கேட்க நமக்கு உரிமை தரப்பட்டுள்ளது. அங்கே விரித்த பாயில் நம்மில் எத்தனை பேர் போய் அமர்கிறோம்?