முகம் சொல்வதும் சொல்லாததும்

1831 ஆம் ஆண்டு. தென் அமெரிக்கக் கரையோரங்களை அளந்து வரைபடம் தயாரிப்பதற்காக 'பீகிள்' என்னும் ஆங்கிலக் கப்பல் புறப்பட ஆயத்தமாகிக் கொண்டிருந்தது. இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரைத் தம்முடன் அழைத்துச் செல்லக் கப்பல் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் விரும்பினார். அதற்காக அவரைக் காண வந்தவர் 22 வயதான சார்லஸ் டார்வின். ஃபிட்ஸ்ராயின் பார்வை டார்வினின் மூக்கில் போய் நின்றது. இப்படிப்பட்ட மூக்கு உடையவருக்கு நெடும்பயணத்துக்கு வேண்டிய ஊக்கமும் உறுதியும் இருக்குமா என்று அவர் ஐயுற்றார்!

நல்லவேளையாக, அந்த ஐயம் பயணத்தைத் தடுத்துவிடவில்லை. ஏறத்தாழ 5 ஆண்டுகள் நீடித்த அப்பயணத்தில் டார்வின் காட்டிய உழைப்பு, அவருடைய மூக்கு சொன்ன சாட்சி பொய் என்பதை மெய்ப்பித்தது. உயிரியலின் போக்கையே மாற்றிய ஒரு பயணம், ஒரு மூக்கின் வடிவத்தால் நின்று போயிருக்கக் கூடும்.

ஃபிட்ஸ்ராய் அறிவில் குறைந்தவர் அல்லர். வானிலையை முன்னறிந்து கூறும் பணிக்குப் பிரிட்டனில் பிற்காலத்தில் அடித்தளம் இட்டவர் அவரே. அத்தகையவர் இப்படி எண்ணியதற்குக் காரணம், அக்காலத்தில் ஐரோப்பா முழுவதும் பரவியிருந்த ஒரு 'கலை'.

போதகரும் பேராசிரியரும்

'அகத்தின் அழகு முகத்தில் தெரியும்' என்பது நம் பழமொழி. இதே எண்ணத்தை ஒரு விஞ்ஞானமாகவே ஆக்கிவிட முயன்றவர் சுவிட்சர்லாந்து நாட்டின் சூரிச் நகரில் வாழ்ந்த யோஹான் காஸ்பர் லாவாட்டர் என்னும் கிறிஸ்தவப் போதகர். 1775 முதல் 1778 வரை நான்கு பெரிய தொகுதிகளாக அவர் வெளியிட்ட நூல், நெற்றி, மூக்கு, உதடு, தாடை ஆகியவற்றின் அமைப்பைக் கொண்டு ஒருவருடைய குணத்தை அறியலாம் என்று கூறியது. படங்கள் நிறைந்த அந்நூல் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. ஃபிட்ஸ்ராய் லாவாட்டரின் கருத்துகளில் ஊறியவர்.

இதைத் துணிந்து எதிர்த்தவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக் கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த லிக்டென்பெர்க். கூனல் முதுகுடன் வாழ்ந்த அவருக்கு, உருவத்தைக் கண்டு மனிதரை எடை போடுவதன் கொடுமை நன்றாகவே தெரிந்திருக்கும். 1778 இல் எழுதிய கட்டுரையில் அவர் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, முகத்தின் நிலையான அமைப்பு: எலும்பு, மூக்கு, தாடை முதலியன. மற்றொன்று, முகத்தில் தோன்றி மறையும் அசைவு: சிரிப்பு, சினம், அச்சம் முதலியன. அசைவு மனத்தின் அப்போதைய நிலையைக் காட்டும். அமைப்பைக் கொண்டு குணத்தைச் சொல்ல இயலாது என்பது அவர் வாதம். லாவாட்டரின் வழியில் சென்றால், குற்றம் செய்வதற்கு முன்பே குழந்தைகளைத் தூக்கிலிட நேரும் என்றும் அவர் எச்சரித்தார்.

இந்தப் பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்வோம். பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இதுவே திறவுகோல்.

மின்சாரம் வரவழைத்த புன்னகை

முகத்தின் அசைவைச் சோதனை முறையில் முதன்முதலாக ஆராய்ந்தவர்களுள் தலையாயவர் பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் (1806–1875). பாரிஸ் மருத்துவமனைகளில் நிலையான பதவி எதுவும் இல்லாமல், தம் மின்கருவியைச் சுமந்துகொண்டு நோயாளிகளைத் தேடிச் சென்று ஆராய்ந்தவர் அவர். சிறுவர்களைத் தாக்கும் தசைநலிவு நோய் ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

பற்களை இழந்த, மெலிந்த முதியவர் ஒருவர் அவருடைய ஆராய்ச்சிக்கு உதவினார். நோயின் காரணமாக அம்முதியவரின் முகத்தில் உணர்ச்சி அநேகமாக அற்றுப் போயிருந்தது. ஆகவே, மின்னோட்டம் பாய்ந்தாலும் அவருக்கு வலிக்கவில்லை. தோலின் மீது மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு தசையாகச் சுருங்கச் செய்தார் டுஷேன். அக்காலப் புகைப்படக் கருவியால் கணத்தில் மறையும் முகபாவத்தைப் பிடிக்க முடியாது. ஆனால் மின்சாரம் சுருக்கிய தசை அப்படியே நிற்குமல்லவா? எனவே அந்த முகங்களைப் படமெடுக்க முடிந்தது. இப்படங்களுடன் 1862 இல் அவருடைய நூல் வெளிவந்தது.

கன்ன எலும்பிலிருந்து வாயின் ஓரத்துக்கு வரும் தசையைச் சுருக்கியபோது முதியவரின் வாய் சிரித்தது. ஆனால் பார்ப்பவருக்கு அது சிரிப்பாகத் தோன்றவில்லை. அதே முதியவர் இயல்பாகச் சிரித்தபோது வேறொரு தசையும் வேலை செய்வதை டுஷேன் கண்டார். அது கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்த தசை. அது சுருங்கும்போது கன்னம் மேலெழும். கண் சற்று இடுங்கும். கண்ணோரத்தில் சிறு கோடுகள் விழும். வாயின் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும், கண்ணின் தசையோ உண்மையான மகிழ்ச்சிக்கே கட்டுப்படும் என்று டுஷேன் முடிவு செய்தார்.

இந்த வேறுபாட்டுக்கு மூளையிலும் சான்று உண்டு. மூளையின் ஒரு பகுதி தாக்கப்பட்ட சில நோயாளிகளால், 'சிரியுங்கள்' என்று சொன்னால் முகத்தின் ஒரு பக்கத்தை அசைக்க இயலாது. அவர்களே வேடிக்கை ஒன்றைக் கேட்டால் முழு முகத்தாலும் சிரிப்பார்கள்! வேண்டுமென்று சிரிப்பதற்கும் தானாகச் சிரிப்பதற்கும் மூளையில் வெவ்வேறு பாதைகள் உள்ளன என்பதே இதன் பொருள்.

டார்வினின் 24 சாட்சிகள்

மூக்கினால் சோதிக்கப்பட்ட டார்வினே பிற்காலத்தில் முகபாவங்களை ஆராய முற்பட்டார். டுஷேனின் படங்களை விளக்கத்துடன் சேர்த்துப் பார்த்தபோது, அவை யாவும் உண்மையாகவே அவருக்குத் தோன்றின. ஆனால், விளக்கம் இல்லாதிருந்தால் நாமும் குழம்பியிருப்போமே என்று எண்ணினார். ஆகவே, எந்தக் குறிப்பும் தராமல் படங்களைப் பிறரிடம் காட்டினார். முதியவரின் இயல்பான சிரிப்பைப் பார்த்த அனைவரும் உடனே அதை இனங்கண்டனர். மின்சாரச் சிரிப்பை 24 பேருக்குக் காட்டினார். அவர்களுள் 3 பேருக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. மற்றவர்கள் அதைச் சிரிப்பு வகையாகக் கண்டும், சிரிக்க முயல்வது போலிருக்கிறது, விஷமத்தனம் தெரிகிறது என்றெல்லாம் கூறினர்.

மேலும், 1867 இல் 16 வினாக்கள் அடங்கிய தாளைப் பல நாடுகளில் இருந்தவர்களுக்கு அவர் அனுப்பினார். 36 விடைகள் வந்தன. கல்கத்தா தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஜான் ஸ்காட், அங்கு வேலை செய்த பல இனத்தவரைக் கவனித்து எழுதியதும் அவற்றுள் ஒன்று. கண்ணும் காதும் இழந்த அமெரிக்கப் பெண் லாரா பிரிட்ஜ்மன், அன்புக்குரியவரின் கடிதச் செய்தியை உணர்ந்ததும் சிரித்துக் கைகொட்டினாள் என்பதையும் டார்வின் குறித்தார். பிறர் முகத்தைப் பார்த்து அவள் சிரிக்கக் கற்றிருக்க முடியாது என்பது டார்வினின் கருத்து. முக்கியமான முகபாவங்கள் மனித இனம் முழுவதற்கும் பொதுவானவை என்று 1872 இல் வெளியான தம் நூலில் டார்வின் கூறினார்.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், அமெரிக்க உளவியலார் பால் எக்மன் நியூகினித் தீவின் மலைநாட்டில் வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவாயிருந்த ஃபோரே மக்களிடம் படங்களைக் காட்டி இதைச் சோதித்தார். மகிழ்ச்சி முகத்தை அவர்கள் எளிதில் கண்டுகொண்டனர். ஆனால் அச்சத்தையும் வியப்பையும் அவர்கள் பிரித்தறியவில்லை. எல்லா முகபாவங்களும் உலகப் பொதுவானவைதாமா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. டுஷேன் சொன்ன கண்ணோரச் சுருக்கத்தைக் கூடப் பலர் வேண்டுமென்றே வரவழைக்க முடியும் என்று பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆகவே, கண்ணோரக் கோட்டை மட்டும் வைத்துப் 'போலிச் சிரிப்பு' என்று தீர்ப்பளிப்பதும் தவறாகும்.

பழைய பிழை திரும்பியது

அசைவைப் பற்றிய ஆராய்ச்சி இவ்வாறு வளர, அமைப்பைப் பற்றிய நம்பிக்கையும் மறையவில்லை. 1876 இல் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, பிறவிக் குற்றவாளிகளைப் பெரிய தாடை, புடைத்த காது போன்ற அடையாளங்களால் அறியலாம் என்று எழுதினார். முகமே குற்றத்துக்குச் சான்றானால், அப்படிப்பட்ட முகத்துடன் பிறந்தவர் எங்கே போய் முறையிடுவார்? ஆங்கிலேயச் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங், ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து, மாணவர், படைவீரர் முதலியோருடன் ஒப்பிட்டு ஆராய்ந்தார். குற்றவாளிக்கென்று தனி உடல் அடையாளம் எதுவும் இல்லை என்பதை 1913 இல் அவர் வெளியிட்ட நூல் காட்டியது.

பத்தில் ஒரு விநாடி

அறிவியல் தள்ளிவிட்ட இந்தப் பழக்கத்தை நம் மனம் ஏன் விடவில்லை? 2006 இல் பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்தில் ஜேனின் வில்லிஸும் அலெக்சாண்டர் தொடோரோவும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முன்பின் அறியாத முகங்களைப் பத்தில் ஒரு விநாடி மட்டுமே காட்டி, இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று கேட்டனர். அந்நேரத்தில் பிறந்த கருத்து, நிதானமாகப் பார்த்தவர்களின் கருத்தோடு பெரிதும் ஒத்திருந்தது. கூடுதல் நேரம் தந்தபோது கருத்து அதிகம் மாறவில்லை. அதன் மீதுள்ள உறுதிதான் கூடியது!

2008 இல் வெளியான மற்றோர் ஆய்வு இதன் காரணத்தை விளக்க உதவியது. கணிப்பொறியில் உருவாக்கிய முகங்களை மேலும் மேலும் 'நம்பத்தக்கதாக' மாற்றிக்கொண்டே போனால், இறுதியில் அவை புன்னகை முகங்களாயின. எதிர்த்திசையில் மாற்றினால் சினந்த முகங்களாயின. இதன் பொருள் யாது? பிறவியிலேயே வாயோரம் சற்று மேல்நோக்கி அமைந்தவர் சிரிக்காமலே சிரித்தவரின் பலனை அடைகிறார். புருவம் தாழ்ந்து அமைந்தவரோ சினம் கொள்ளாமலே சினத்தின் பழியைச் சுமக்கிறார். அசைவுக்குரிய பாடத்தை அமைப்பின் மீது ஏற்றிப் படிக்கிறது நம் மனம். லிக்டென்பெர்க் பிரித்து வைத்த இரண்டையும் அது மீண்டும் ஒன்றாக்கிவிடுகிறது.

புன்னகைக்கு ஆற்றல் உண்டு என்பதில் ஐயமில்லை. எதிரில் இருப்பவருக்கு இப்போது நம்மால் தீங்கில்லை என்பதைச் சொல்லாமல் சொல்லும் மொழி அது. ஆனால் அது அந்தக் கணத்தைப் பற்றிய செய்தி. ஒருவருடைய நேர்மைக்கும் திறமைக்கும் அளிக்கப்பட்ட நற்சான்றிதழ் அன்று.

வேலைக்கு ஆள் எடுப்பவரும், புதிய மாணவனைச் சந்திக்கும் ஆசிரியரும், சாட்சியின் முகம் பார்க்கும் நீதிபதியும் இதை மனத்தில் கொள்ள வேண்டும். பத்தில் ஒரு விநாடியில் எழும் கருத்தை நம்மால் தடுக்க முடியாது. அதையே முடிவாகக் கொள்ளாமல், அவர் செய்த வேலையையும் சொல்லும் காரணங்களையும் கேட்டறிந்து தீர்மானிப்பது நம் கையில் இருக்கிறது.